தாய்மொழியில் முறை கேட்ட மக்கள்



ஓர் இதழ் எதற்காக வாழ்கின்றது? விற்றுப் பொருளீட்டவா? ஆள்வோரின் புகழ் பாடவா? அன்றி, மக்கள் வாய்திறந்து சொல்ல அஞ்சும் உண்மையை அவர்தம் தாய்மொழியில் எழுதிக் காட்டவா? இவ்வினாவிற்குத் தன் வாழ்வையே விடையாகத் தந்தது சுலோவேனிய நாட்டின் 'மிலாதினா' என்னும் கிழமை இதழ்.

ஆல்ப்சு மலைக்கும் அதிரியக் கடலுக்கும் இடையே அமைந்தது அச்சிறுநாடு. அதன் மக்கள் ஏறத்தாழ 20 இலக்கம் பேரே. நூற்றாண்டுக் கணக்கில் அங்கே செருமன் மொழியே ஆட்சியிலும் கல்வியிலும் ஓங்கி நின்றது. உழவரின் பேச்சு என்று இகழப்பட்ட சுலோவேனியத்தில் 1550ஆம் ஆண்டு பிரிமோசு துருபார் முதன்முதலாக நூலை அச்சேற்றினார். அன்று மூண்ட விளக்கு அணையவில்லை. இருவரைக் குறிக்கும் இருமை எண்ணை ஐரோப்பிய மொழிகள் பலவும் இழந்துவிட்டன. சுலோவேனியமோ அதனை இன்றும் பேணி வருகின்றது. முசோலினியின் ஆட்சியில், இத்தாலியின் பிடியிலிருந்த மேற்குப் பகுதியில், சுலோவேனியப் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போதும் மொழி மாளவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சுலோவேனியா, யூகோசுலாவியக் கூட்டரசின் ஆறு குடியரசுகளுள் ஒன்றாயிற்று. ஏட்டளவில் எல்லா இனங்களின் மொழிகட்கும் ஒப்புரிமை உண்டு. படைக்குள் புகுந்த சுலோவேனிய இளைஞன் காதில் விழுந்த கட்டளை மட்டும் செருபோ-குரோவாட்டு மொழியில் ஒலித்தது. எழுத்தில் ஒப்புரிமை, நடப்பில் மேலாளுமை!

'மிலாதினா' என்பதற்கு இளையோர் என்பது பொருள். 1920களில் இளம் பொதுவுடைமையாளர் தோற்றுவித்த இதழ் அது. 1980களில் அரசு சார்ந்த இளைஞர் கழகத்தின் வெளியீடாகவே வந்தது. ஆயினும் அரசியலையும் கலையையும் ஒருசேர எழுதி, ஆள்வோர் தொடக்கூடாதென்ற பொருள்களையெல்லாம் தொட்டது. 1988 பிப்பிரவரியில், வறுமையில் உழன்ற எத்தியோப்பியாவிற்குப் போர்க்கருவி விற்கச் சென்ற படைத்துறை அமைச்சர் பிராங்கோ மாமுலாவைக் கண்டித்து எழுதிற்று. படைத்தலைமை சீறியது.

அவ்வாண்டு மே இறுதியிலும் சூன் தொடக்கத்திலும் சிறைப்பிடிப்பு நிகழ்ந்தது. இதழில் எழுதிவந்த யானெசு யான்சா, இதழாளர் தாவிது தாசிச்சு, ஆசிரியர் பிரான்சி சாவர்ல், படைப்பணியாளர் இவான் போர்சுட்னர் ஆகிய நால்வர்மீது படைக் கமுக்கத்தை வெளியிட்டதாக வழக்குத் தொடுக்கப்பட்டது. உசாவல் நடந்த இடம் தலைநகரான இலுப்ளியானா. மூடிய கதவுக்குள் படைத்துறை முறைமன்றம் கூடியது. பொது வழக்குரைஞரை அமர்த்திக்கொள்ள அவர்கட்கு இசைவில்லை. உசாவல் நடந்த மொழியோ செருபோ-குரோவாட்டு! சுலோவேனிய மண்ணில், சுலோவேனியரை, சுலோவேனியம் அல்லாத மொழியில் உசாவினர்.

இதுவே மக்கள் நெஞ்சைச் சுட்டது. இதழ் எழுதிய கட்டுரையோடு உடன்படாதவர்கூட இவ்விழிவைப் பொறுக்கவில்லை. சொந்த ஊரின் முறைமன்றத்தில் சொந்த மொழிக்கு இடமில்லையெனில், அந்த ஊர் யாருடையது? மாந்த உரிமைக் காப்புக்குழு ஒன்று எழுந்தது. 1,00,000 பேர் அளவிற்கு அதற்குத் தம் ஒப்புதலை அளித்தனர். சூன் 21 அன்று இலுப்ளியானாவின் காங்கிரசுத் திடலில் பல்லாயிரவர் திரண்டனர். உசாவல் நாள்களில் முறைமன்றத்தின்முன் மக்கள் அமைதியாகக் காத்து நின்றனர். கல்லெறியவில்லை, கலைந்து போகவுமில்லை.

சூலை 27இல் தீர்ப்பு வந்தது. போர்சுட்னருக்கு 4 ஆண்டுச் சிறை. யான்சாவிற்கும் சாவர்லுக்கும் 18 திங்கள். தாசிச்சுக்கும் சிறையே. படைத்தலைமை வென்றதாக எண்ணிற்று. ஆனால் அவ்வழக்கால் ஓரினமே விழித்துக்கொண்டது. 1990 திசம்பர் 23இல் நடந்த வாக்கெடுப்பில், வாக்குரிமை பெற்ற அனைவருள்ளும் 88 விழுக்காட்டினர்க்கு மேல் தனிநாட்டிற்கு இசைந்தனர். 1991 சூன் 25இல் விடுதலை அறிவிக்கப்பட்டது. பத்து நாள் போருக்குப் பின் கூட்டரசுப் படை பின்வாங்கத் தலைப்பட்டது. 2004இல் சுலோவேனியம் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று.

இனி, ஊன்றி எண்ணத்தக்க செய்தி ஒன்றுண்டு. வழக்கில் நின்ற யான்சா, விடுதலை நாட்டில் படைத்துறை அமைச்சரானார். 2004 முதல் மும்முறை தலைமையமைச்சராகவும் அமர்ந்தார். தன் வழக்கிலே உடன்நின்றவர் ஆட்சியேறினார் என்று 'மிலாதினா' அவர்க்கு மாலை சூட்டிற்றா? இல்லை! கூட்டரசின் படைத்தலைவரைக் கடிந்த அதே எழுதுகோலால் அவரையும் கடிந்தது. அயலார் ஆளும்போது உண்மை பேசி, தம்மவர் ஆளும்போது வாய்மூடுவது தற்சார்பு ஆகாது. அது கட்சிப் பணி, இதழ்ப்பணி அன்று.

இதழின் வலிமை அச்சுப்பொறியில் இல்லை; அதனைத் தம்முடையதென்று கருதிக் காக்க முன்வரும் மக்களிடம் உள்ளது. மொழிப்பற்று என்பது மொழியைப் புகழ்ந்துகொண்டே இருப்பதன்று. அம்மொழியில் மெய்யைச் சொல்வதும், சொன்னவர்க்குத் துணைநிற்பதுமே ஆகும். அச்சிறிய இனம் இவ்விரண்டையும் செய்தது. அதனால் நிமிர்ந்து நிற்கின்றது!