கரிசலும் நான்குவழிச் சாலையும்: ஒரு டயர்க் கணக்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் 34 வருடம் கிளார்க்காக இருந்தவன். படித்தது பி.காம். டயரைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயம்தான். ஒரே பொலேரோவுக்கு மூன்று வகை டயரும் போட்டு, மூன்றிலும் ஏதாவது ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டவன் என்பதுதான் என் தகுதி. நம் பார்க்கிங்கில் இப்போது உயரமான வண்டிகள் நிறைய நிற்கின்றன. எஸ்டேட் ரோட்டுக்குப் போக வேண்டும், தோட்டத்துக்குப் போக வேண்டும், ஆல்-டெரைன் டயர் மாற்றலாமா என்று லிஃப்டில் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் மாடி வந்துவிடுகிறது. அதனால்தான் செயலாளரிடம் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினேன்.

என் ஊர் கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம். இங்கே மதுரையிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் நான்குவழிச் சாலை, சுமார் 100 கிலோமீட்டர். அதற்குமேல் கொஞ்சம் தார் ரோடு. கடைசி 4 கிலோமீட்டர் கரிசல் மண் பாதை. கரிசலைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் சிமெண்ட் தரை, நனைந்தால் பிசைந்த மாவு.

2018 ஐப்பசியில் ஊரில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்று விடியற்காலையில் போன் வந்தது. ராத்திரி முழுக்க மழை. அப்போது வண்டியில் இருந்தது கம்பெனியோடு வந்த சாதாரண ரோட்டு டயர். எப்படியோ வீடு வரை போய்விட்டேன். அம்மாவைப் பின்சீட்டில் படுக்க வைத்துத் திரும்பும்போது, தார் ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கையில் பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. மிதிக்க மிதிக்க வண்டி இறங்கியது. பக்கத்துக் காட்டிலிருந்து டிராக்டர் வந்து இழுத்துவிட இரண்டு மணி நேரம் ஆயிற்று. அம்மா பிழைத்துக்கொண்டார். அந்த இரண்டு மணி நேரம் அவர் மூச்சு விட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தக் கோபத்தில்தான் அடுத்த தப்பைச் செய்தேன். ஒரு டயர் கடையில் போய், சேற்றில் மாட்டவே கூடாது, எது பெரிசோ அதைப் போடுங்கள் என்றேன். அவர்கள் மட்-டெரைன் டயர் போட்டார்கள். ஜல்லிக்கல் அளவுக்குப் பட்டன், நடுவில் விரலை விடும் அளவுக்குப் பள்ளம். பார்க்க ராணுவ வண்டி மாதிரி இருந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் வண்டிக்கு உரிய அளவு 215/75 ஆர்15. அதில் அந்த வகை டயர் கடையில் இல்லாததால் 235/75 போட்டார்கள். இந்த எண்களைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 75 சதவீதம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பழைய டயரின் மொத்த விட்டம் 703 மில்லிமீட்டர் சொச்சம், புதியது 733 சொச்சம். நாலு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டினால் வண்டி 104 ஓடியிருக்கும். நாம் 80 என்று நினைத்துக்கொண்டு 83-இல் போவோம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசியது. இழுவையும் குறைந்தது. வண்டி ஓட்டும்போது பாட்டுக் கேட்பது நின்றது, அவ்வளவு இரைச்சல்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சாத்தூர் தாண்டி ஒரு தூறலில் நடந்தது. பேத்தி பின்சீட்டில். முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைந்தது. நான் பிரேக் மிதித்தேன். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், லாரியின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. ஓடும் வண்டி தரையைத் தொடுவது சக்கரத்துக்கு ஒரு உள்ளங்கை அளவு இடம்தான். அந்த இடத்தில் பெரிய பள்ளங்கள் இருந்தால் தார் மேல் படியும் ரப்பர் அந்த அளவுக்குக் குறைகிறது. ஈரத் தாரைப் பிடிக்க, பட்டன்களின் மேல் கத்தியால் கீறினாற்போல் மெல்லிய கீறல்கள் நிறைய வேண்டும். மட்-டெரைன் டயரில் அவை குறைவு. கல்லில் கிழியாமல் இருக்க ரப்பரும் கொஞ்சம் கெட்டி. நாலு சக்கர டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று நினைவில் வைக்க வேண்டும்: அது கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது.

அதன்பிறகு பழைய தொழில் கைகொடுத்தது. டைரியில் ஒரு வருடத்துக்குக் கணக்கு எழுதினேன். மொத்தம் ஓடியது 9,400 கிலோமீட்டர். அதில் மண், கல், சேறு எல்லாம் சேர்த்து 310. நூற்றுக்கு மூன்று சொச்சம். அந்த மூன்றுக்காக மீதி 97-ஐ ஆபத்தில் வைத்திருந்தேன். வட்டிக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி ஒன்பது மணி வரை தேடிய ஆள், இதை முதலில் எழுதிப் பார்க்கவில்லை.

2021-இல் ஆல்-டெரைன் டயருக்கு மாறினேன், கம்பெனி சொன்ன அதே 215/75 ஆர்15 அளவில். ஸ்டெப்னியோடு ஐந்து. ஒரு மாதப் பென்ஷனுக்கு மேல் ஆனது. இதன் பட்டன் நடுத்தரம், கீறலும் உண்டு. ஈரத் தாரில் நல்ல ரோட்டு டயர் அளவுக்கு வராது, ஆனால் நான் பயந்த மாதிரி வழுக்கவில்லை. இரைச்சல் கொஞ்சம் உண்டு. டீசல் கொஞ்சம் கூடத்தான் குடிக்கிறது. எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள்தான் டயருக்கு எமன். பக்கச்சுவரில் முள் ஏறினால் பஞ்சர் ஒட்டக்கூடாது, டயரையே தூக்கிப்போட வேண்டும். அதனால் பக்கச்சுவர் கனமாக இருக்கிறதா என்று கேட்டு வாங்கினேன். ட்யூப்லெஸ் டயரில் முள்ளோ ஆணியோ ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக இருக்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். அப்படியே மெல்லப் பஞ்சர் கடைக்குப் போய்விடலாம்.

ஆனால் நனைந்த கரிசலில் ஆல்-டெரைன் டயரும் தோற்றுவிட்டது. பசை மண் பள்ளங்களில் அப்பிக்கொள்கிறது. நாலு சுற்றுக்குள் மொட்டை டயர் ஆகிவிடுகிறது. செம்மண், சரளை, ஆற்றோர மணல், எஸ்டேட் கல்பாதை இதிலெல்லாம் நன்றாகப் போகிறது. கரிசல் ஈரமாக இருந்தால் நான் இப்போது வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு டிராக்டரில் ஏறிக்கொள்கிறேன். அம்மாவையும் இங்கே அழைத்து வந்துவிட்டோம். சி பிளாக் பூங்காவில் மாலையில் அவரைப் பார்த்திருப்பீர்கள்.

கொடைக்கானலுக்குத் தார் ரோட்டிலேயே போய் ஹோட்டலில் இறங்குகிறவர்களுக்கு ஆல்-டெரைன் தேவையே இல்லை. இதைச் சொன்னால் இளைஞர்களுக்கு வருத்தம். அழகுக்காக வேண்டுமென்றால் வாங்குங்கள், ஆனால் அழகுக்காக என்று தெரிந்தே வாங்குங்கள்.

வாங்குகிறவர்கள் அளவுக்குப் பிறகு வரும் எண்ணையும் எழுத்தையும் பார்க்க வேண்டும். 100 எஸ் என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 180 கிலோமீட்டர் வேகம் வரை. உங்கள் வண்டிக்குக் கம்பெனி சொன்னதைவிடக் குறைந்ததை வாங்காதீர்கள். காற்றின் அளவு டிரைவர் கதவுப் பக்கத்துத் தூணில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அதைக் காலையில் டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். மணலில் இறங்கும்போது காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும். நான் 22 வரை இறக்குவேன். ஆனால் தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப அடித்தாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்னப் பம்ப் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

கடைசியாக, மண் பாதை பக்கமே போகாதவர்களுக்கும் ஒன்று. டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின், வரிசையின் முடிவில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. போன வாரம் நம் கீழ்த்தளத்தில் நடந்து பார்த்தேன். ஒரு வண்டியில் 1115 என்று இருந்தது. யாருடையது என்று சொல்லமாட்டேன். பட்டன் புதிது போலிருக்கிறது, ஏனென்றால் வண்டி கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும்தான் போகிறது. ஆனால் பக்கச்சுவரில் மயிர் மயிராக வெடிப்பு. ரப்பர் ஓடாவிட்டாலும் வயதாகி இறுகும். ஓடித் தேய்ந்த டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வந்தால் கதை முடிந்தது. பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்கும், பட்டன் தேய்ந்து அதோடு சமமானால் மாற்ற வேண்டும்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்குக் காற்று மானியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டார் அறைப் பக்கம் நிற்கிறேன். வண்டியை எடுக்க வேண்டாம், நானே வந்து பார்க்கிறேன். ஸ்டெப்னியை மட்டும் எடுக்கும்படி டிக்கியைக் காலி செய்து வையுங்கள். பல வண்டிகளில் அதைத்தான் யாரும் பார்ப்பதே இல்லை.