தோட்டத்துத் துப்பாக்கி



பெங்களூரில் வாழும் தமிழர் அனைவரும் கப்பன் பூங்காவை அறிவர். அப்பூங்காவின் பெயருக்கு உரியவரான கமிஷனர் மார்க் கப்பன் 1861-ஆம் ஆண்டில் ஓர் உத்தரவு பிறப்பித்தார். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் மக்கள் கையிலிருந்த ஆயுதங்களை ஆங்கில அரசு பறித்துக்கொண்டிருந்த காலம் அது. குடகர்களுக்கு மட்டும் அச்சட்டத்திலிருந்து அவர் விலக்கு அளித்தார்.

சுதந்திர இந்தியாவும் அந்த விலக்கைத் தொடர்ந்தது. குடவ இனத்தவரும், படைச் சேவைக்கு ஈடாக வழங்கப்பட்ட 'ஜம்மா' நிலத்தைப் பரம்பரையாக அனுபவிப்போரும், லைசென்ஸ் இன்றியே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். பிறப்புக்கும் நிலத்துக்கும் ஏற்பச் சட்டம் வேறுபடலாகாது என்று ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வழக்குத் தொடுத்தார். கப்பன் பூங்காவை ஒட்டி நிற்கும் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் அவ்விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, இச்சலுகை 2029 அக்டோபர் வரை நீடிக்கும்.

குடகருக்குத் துப்பாக்கி வெறும் ஆயுதமன்று. கைல்பொளுது விழாவில் அதற்கு மலர் சூட்டி வணங்குவர். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு. மரணம் நேர்ந்தால் இரண்டு. ஆகவேதான், தேர்தல் வந்தவுடன் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள் என்று உத்தரவு வரும்போது அங்கே ஆட்சேபம் எழுகிறது. "யானையும் பன்றியும் தேர்தல் பார்த்தா வருகின்றன?" என்பது தோட்டக்காரரின் கேள்வி. இதில் நியாயம் உண்டு. தேர்தல் ஆணையத்தின் நெறிமுறைகளே ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராயச் சொல்கின்றன. ஜாமீனில் இருப்போர், குற்றப் பின்னணி உடையோர், கலகத்தில் ஈடுபட்டோர் ஆகியோரையே முக்கியமாகக் கவனிக்கச் சொல்கின்றன. எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டுவது எளிது, நீதியாகாது.

எனினும், துப்பாக்கியை வைத்திருக்கும் உரிமை வேறு, சுடும் உரிமை வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொந்த நிலத்துக்கும் பொருந்தும். உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழியில்லாத நிலை நீங்கலாக, உரிய அனுமதியின்றிக் காட்டு விலங்கைச் சுடுவது குற்றமே.

மேலும், குடகின் காப்பித் தோட்டங்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் உழைத்து வருகின்றன. தோட்டத்து வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளிக்கு ஜம்மா நிலம் இல்லை. குடவப் பிறப்பும் இல்லை. ஆனால் விடியற்காலை இருட்டில் காப்பிச் செடிகளுக்கிடையே நடந்து செல்பவர் அவர். யானையை முதலில் எதிர்ப்படுபவரும், குறி தவறிய ரவை பாயக்கூடிய இடத்தில் நிற்பவரும் அவரே. துப்பாக்கி ஒரு நாள் அவருக்குக் காவல். மறுநாள் அவருக்கே ஆபத்து. துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்று சொல்லும் விலக்கு, அது வெடிக்கும் இடத்தில் யார் இருக்கிறார் என்று கேட்பதில்லை.

இடத்தை நோக்கியும் விதி வகுக்க முடியும். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப் பன்றிகள் குறித்து அவ்வாறே செய்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்று முடிவு செய்தது.

குடகிலும் இத்தகைய நிதானம் தேவை. குற்றமறியாத தோட்டக்காரரின் துப்பாக்கியைத் தேர்தல்தோறும் பறிக்க வேண்டாம். அதே சமயம், வீடுகளுக்கும் வேலைத் தளங்களுக்கும் அருகே சுடுவதைப் பற்றி விதி வகுக்கும்போது, தொழிலாளியின் சொல்லையும் கேட்க வேண்டும். நிலத்துக்குப் பட்டா ஒருவருக்கே இருக்கலாம்; அந்நிலத்தில் அச்சமின்றி நடக்கும் உரிமை எல்லோருக்கும் பொது.