நீறு பூத்த நெருப்பு



நோய் நீங்கிவிட்டது என்று நாம் மகிழ்ந்திருக்கும்போதும், சில வைரஸ்கள் உடலை விட்டு அகல்வதில்லை. நீறு பூத்த நெருப்பைப் போல, உயிரணுக்களுக்குள் வாழ்நாள் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை அறிஞர்கள் எவ்வாறு கண்டறிந்தனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கட்டியின் உயிரணுக்களை இலண்டனில் வளர்த்து ஆராய்ந்த எப்ஸ்டீன், ஆச்சாங், பார் என்ற மூவர், 1964-ஆம் ஆண்டில் அவற்றில் புதியதொரு வைரஸைக் கண்டனர். ஆயினும், மிகச் சில அணுக்களிலேயே வைரஸ் துகள்கள் தென்பட்டன. ஏனையவற்றில் அஃது இல்லையா, அல்லது ஒளிந்திருக்கின்றதா?

இதற்கு விடை கூறியவை குருதியிலுள்ள எதிர்ப்பொருள்கள். பல பசுக்களிடையே தன் தாயைத் தேடியடையும் கன்றைப் போல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய இலக்கையே பற்றும்.

1973-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ரீட்மன், கிளைன் என்னும் இருவர், துகள்கள் தோன்றாத உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பதப்படுத்தி, எதிர்ப்பொருள் கொண்ட மனிதக் குருதிநீரை இட்டனர். அடுத்து, குருதியில் இயற்கையாக உள்ள நிரப்புப் புரதத்தைச் சேர்த்தனர். இறுதியில், அப்புரதத்தைப் பற்றும் வேறோர் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயமேற்றி இட்டனர். நிரப்புப் புரதங்கள் பல ஓரிடத்தில் குழுமுவதால் மங்கிய ஒளியும் பெருகிற்று. உயிரணுக்களின் உட்கருக்கள் ஒளிர்ந்தன! துகள் இல்லாவிடத்தும் வைரஸின் புரதம் இருந்தது. அவ்வகைப் புரதங்களுள் தலைமையானது, உயிரணு இரண்டாகப் பிரியும்போது வைரஸின் மரபுப்பொருளைக் குரோமோசோம்களோடு பிணைத்துக் காக்கின்றது என்று பின்னர்த் தெளிந்தனர்.

எதிர்ப்பொருள் இருந்தும் வைரஸ் ஏன் அழியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பதப்படுத்திய அணுவுக்குள் புகும் எதிர்ப்பொருள், உயிருள்ள அணுவின் உட்கருவை எட்டுவதில்லை. நோயுற்ற அணுக்களைக் கொல்லும் வெள்ளணுக்களுக்கோ, அப்புரதம் எளிதில் புலப்படுவதில்லை. அதன் ஒரு பகுதியே இம்மறைவுக்குத் துணைசெய்கின்றது என்று 1995-இல் ஓர் ஆய்வு காட்டியது.

எனவே, எதிர்ப்பொருள் இங்கே சாட்சியாக நிற்கின்றது. தலைமைப் புரதத்திற்குரிய எதிர்ப்பொருள், தொற்று நேர்ந்து பல வாரங்கள் கழித்தே தோன்றி நெடுங்காலம் நிலைக்கும். ஆதலால், தொற்று புதியதா பழையதா என்று மருத்துவர்கள் அதனைக் கொண்டு கணிக்கின்றனர்.

உலகில் வளர்ந்தோருள் 100-க்கு 90 பேருக்கு மேல் இவ்வைரஸைத் தாங்கியுள்ளனர். பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை, சிலரிடத்தே அது புற்றுநோய்க்குத் துணையாகின்றது. நெருப்பு எங்கே உறைகின்றது என்பதை அறிந்தோம். அதனை முற்றும் அவிக்கும் வழியை இன்னும் அறிந்தோமில்லை. அத்தேடல் உங்கள் தலைமுறைக்கு உரியது.