செங்கடலும் சட்ட வாயிலும்

தனுஷ்கோடி மீனவரும் ஈழ அகதிகளும் தம் துயரைத் தாமே நடித்துக் காட்டிய படம், கவிஞர் லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’. இந்திய, இலங்கை அரசுகளை இழித்துரைப்பதாகக் கூறித் தணிக்கை வாரியம் அதற்குச் சான்றிதழ் மறுத்தது. இயக்குநர் தில்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடினார்; 2011இல் ஒரு காட்சியும் வெட்டப்படாமல் அனுமதி கிடைத்தது.

அத்தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டது. இப்போது உயர் நீதிமன்றமே கதி. ஆணை பிறந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும். கடன் வாங்கிப் படமெடுத்தவருக்கு வழக்குச் செலவு படச்செலவையே விஞ்சிவிடலாம். கலைத்தவர்கள் இதை எண்ணினார்களா?

ஒரு வழி எஞ்சியுள்ளது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வருமானம் பாராது இலவசச் சட்ட உதவிக்கு உரியர். ஏனைய ஏழையருக்கு வருமான வரம்புண்டு. உயர் நீதிமன்றத்திலேயே அதற்கெனக் குழு இயங்குகிறது. இக்கடற்கரையில் காமிரா ஏந்தும் கவிஞர், மறுப்பாணை கைக்கு வந்த அன்றே அங்கு மனுச் செய்யலாம்.