முஸ்தபா மறுபடியும் வர வேண்டும்

சவாரியை விட்டுவிட்டு இந்த நூலக விழாவுக்கு வந்திருக்கும் ஜீப் ஓட்டுநர் தம்பிகளே, இடமில்லாமல் பின்னால் நின்று கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளே!

வீடியோ கேம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் விழாக்குழுவினர் கொஞ்சம் தயங்கினார்கள். "சார், பெரியவங்க எல்லாம் வருவாங்க" என்றார்கள். வரட்டுமே! அந்தப் பெரியவர்களில் பாதிப் பேர், தொண்ணூறுகளில் மளிகை வாங்கக் கொடுத்த காசில் ஒரு ரூபாயை அமுக்கிக்கொண்டு வீடியோ கேம்ஸ் கடைக்குள் நுழைந்தவர்கள்தானே? இல்லை என்பவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்!

ஒரு கையும் எழவில்லை. அப்படியானால் தைரியமாகப் பேசலாம்.

கடை நினைவிருக்கிறதா? வெயில் விழாமல் வாசலில் தொங்கும் துணி. உள்ளே ஆளுயர மரப்பெட்டி, அதில் டிவி, குமிழ் தேய்ந்த ஜாய்ஸ்டிக், அடிக்க ஒரு பட்டன், குதிக்க ஒரு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்கிற எல்லோரும் விழுவார்கள், ஆனால் நம் உயிரும் கொஞ்சம் குறையும். ஒரே பெட்டி முன்னால் மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடுவோம். டிரம்மை உடைத்தால் சாப்பாடு வரும். "டேய், எனக்கு லைஃப் கம்மிடா, அத எனக்கு விடுடா" என்று ஒருவன் கெஞ்சுவான். அதற்குள் இன்னொருவன் எடுத்துவிடுவான். அதோடு இரண்டு நாளைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த விளையாட்டின் முறையான பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. இந்தப் பெயரைக் கடையில் போய்ச் சொல்லியிருந்தால் கடைக்காரரே விழித்திருப்பார். நமக்கு அது 'முஸ்தபா கேம்'. நாயகர்கள் நான்கு பேர்: ஜாக் டென்ரெக், ஹானா டண்டீ, மெஸ் ஓ'பிராடோவிச், முஸ்தபா கைரோ. கதைப்படி தலைவன் ஜாக். நம் பையன்கள் அந்தத் தலைமையை ஏற்கவில்லை. ஓடிவந்து பறந்து உதைக்கிற, தொப்பி போட்ட முஸ்தபாவிடம் கட்சியை ஒப்படைத்துவிட்டார்கள். 1996-இல் 'காதல் தேசம்' படத்தில் ஏ.ஆர். ரகுமானின் முஸ்தபா பாட்டும் வந்து சேர்ந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா!

நாம் எல்லோரும் உதைத்தோம். எதற்காக உதைத்தோம் என்று யார் பார்த்தோம்? இடையில் திரையில் ஆங்கிலத்தில் கதை வரும். காசு போட்டவனுக்கு அதைப் படிக்கப் பொறுமை ஏது? இன்று யானையும் புலியும் நடமாடும் இந்த மசினகுடியில் நின்று அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1987-இல் தொடங்கிய 'ஸெனோஸோயிக் டேல்ஸ்' என்ற சித்திரக்கதைதான் இதன் மூலம். மனிதன் பூமியைப் பாழ்படுத்துகிறான். பேரழிவு வருகிறது. தலைமுறை தலைமுறையாக நிலத்தடியில் ஒளிந்து வாழ்ந்துவிட்டு மேலே வந்து பார்த்தால், டைனோசர்கள் திரும்ப வந்து நடமாடுகின்றன. இனி இந்த நிலத்தில் அவற்றோடு சேர்ந்துதான் வாழ வேண்டும். ஜாக்கின் காரே டைனோசர் சாணத்தில்தான் ஓடுகிறது! யானை லத்திக்குப் பஞ்சமில்லாத ஊர்க்காரர்கள் நீங்கள் சிரிப்பது நியாயம்தான்.

அப்படியானால் வில்லன் யார்? டைனோசர்களைக் கொல்கிற, கடத்துகிற வேட்டைக் கும்பல். முஸ்தபா உதைத்தது அவர்களை. டைனோசர் முதலில் தன்பாட்டுக்கு இருக்கும். அடிபட்டுச் சீண்டப்பட்டால் நிறம் மாறும். மாறியபின் அதற்கு வேட்டைக்காரன், முஸ்தபா என்ற பேதம் கிடையாது. எதிரே நிற்பவன் யாரானாலும் பாயும்.

இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? 2021 ஜனவரியில், ஏற்கெனவே முதுகில் காயத்தோடு திரிந்த ஒரு யானையின் மேல் எரிகிற டயரை வீசினார்கள். இதே மசினகுடியில்தான். காது கருகி, ரத்தம் வடிந்து, தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் அது செத்தது. அதே ஆண்டு அக்டோபரில் டி-23 புலி. நம் ஊர்க்காரர் ஒருவரையும் பலி வாங்கிய புலி அது. சுட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. உயிரோடு பிடிக்க வேண்டும் என்ற குரலும் எழுந்து உயர் நீதிமன்றம் வரை போனது. 21 நாள் தேடலுக்குப் பிறகு மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். டயர் வீசியதும் நம் காலத்து மனிதன். மூன்று வாரம் சேற்றிலும் முள்ளிலும் அலைந்து புலியை உயிரோடு பிடித்த வனத்துறை ஊழியரும் நம் காலத்து மனிதர்தான். இதில் யார் முஸ்தபா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தக் கதைக்காகத்தான் அந்த விளையாட்டைப் புதுப்பித்து மறுபடியும் கொண்டுவர வேண்டும் என்கிறேன். "அதுதான் செல்போனிலேயே விளையாடலாமே, புதிதாக எதற்கு?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. இந்த விளையாட்டு வீட்டுக் கருவி எதற்கும் முறைப்படி வந்ததே இல்லை. அசல் சர்க்யூட் போர்டில் ஒரு சிறு பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் ஒலிப்பகுதியின் பூட்டைத் திறக்கும் ரகசியக் குறியீடு அழிந்துபோகும். ரசிகர்கள் நகலெடுத்து வைத்திருப்பதால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 2018-இல் கேப்காம் தன் பழைய அடிதடி விளையாட்டுகள் ஏழைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதிலும் முஸ்தபா இல்லை. கதை ஷுல்ட்ஸுடையது, கேடிலாக் என்ற பெயர் ஒரு கார் கம்பெனியுடையது, விளையாட்டு கேப்காமுடையது. மூன்று வீட்டுச் சம்மதம் கேட்டு நடத்த வேண்டிய கல்யாணம் இது!

ஆனால் முடியாத காரியம் அல்ல. 1994-இல் நின்றுபோன 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்' வரிசை 2020-இல் நான்காம் பாகத்தோடு திரும்பி வந்தது. இதே கேப்காம் 'ரெசிடென்ட் ஈவில் 2'-ஐ 2019-இல் அடியோடு புதுப்பித்துக் கொடுத்தது.

புதுப்பிக்கிறவர்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். படத்தை மட்டும் பளபளப்பாக்கி விட்டுவிடாதீர்கள். பழைய விளையாட்டில் ஒரு முரண் உண்டு. காப்பாற்ற வேண்டிய டைனோசரையும் அடித்துத்தான் பல இடங்களில் கடக்க முடியும். அன்றைய இரண்டு பட்டனில் வேறு வழியில்லை. இன்று வழி இருக்கிறது. மிரண்ட மிருகத்துக்கு வழி விட்டு ஒதுங்கினால் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். ஹார்ன் அடித்து விரட்டினால் ஒரு லைஃபைப் பிடுங்குங்கள். இதைச் சுற்றுலா வாகனங்களுக்கும் சொல்லலாம் என்று ஓட்டுநர் தம்பிகள் தலையாட்டுகிறார்கள்!

கடைசியாக, கணினி படிக்கிற பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. முஸ்தபாவின் பெயரும் உருவமும் அதன் உரிமையாளர்களின் சொத்து. ஆனால் மிருகத்தோடு சேர்ந்து வாழ்வது என்ற கருத்து யாருடைய சொத்தும் இல்லை. உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் 2020-இல் தீர்ப்பான சீகூர் யானை வழித்தடம் நம்மைச் சுற்றித்தான் இருக்கிறது. அந்த வழித்தடத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நீங்கள். யானை எப்போது காதை விரிக்கும், எப்போது திரும்பிப் போகும் என்பதை ஜப்பான்காரரைவிட இங்கே இருக்கிற இருளர் வீட்டுப் பாட்டி நன்றாகச் சொல்வார். அவரிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். மோயாற்றையும் கல்லட்டி மலைப்பாதையையும் வைத்து ஒரு விளையாட்டு செய்யுங்கள். கேப்காம் முஸ்தபாவை எழுப்பும்போது எழுப்பட்டும். நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இன்றே தொடங்குங்கள்.