கல்விச்சாலையின் முகப்பும் மரச்சோலையும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் நம் சங்கத்தார் கல்லூரிக்கென நிலம் வாங்கியிருப்பது யாவரும் அறிந்ததே. அங்குள்ள புதர்க்காட்டை அடியோடு அழித்து, வாயிலின்முன் புல்தரை பரப்பி, இருமருங்கும் அயல்நாட்டு அழகு மரங்களை நடலாமென்று ஒரு யோசனை நிலவுகின்றது. அதனை நிறைவேற்றுமுன் அன்பர்கள் சற்றே ஆலோசிக்க வேண்டுகின்றேன்.

எடுத்துக்காட்டுத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் ஜில்லாவைச் சேர்ந்த தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி விளங்குகின்றது. 1937-ஆம் ஆண்டில் அது பட்டணத்தின் நெருக்கத்தை விட்டு, சேலையூர்க் காட்டில் ஏறக்குறைய 365 ஏக்கர் நிலத்திற் குடியேறிற்று. அதன் இரசாயனப் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் தாவர நூலிலும் வல்லவர். அவரும் அவர்தம் மனைவியாரும் பற்பல மரங்களை நட்டு வளர்த்தனர். ஆயினும் பழைய புதர்க்காடு முற்றும் அழிக்கப்படவில்லை. இன்றும் அங்கே புள்ளிமான்கள் உலவுகின்றன; மாணாக்கர் தாவரங்களை நேரிற் கண்டு கற்கின்றனர்.

நம் நிலத்துப் புதரும் அவ்வினத்ததே. பாலை, வீரை, காசா, களா, காரை முதலியன சோழமண்டலக் கரைக்குரிய உலர்காட்டின் செடிகொடி மரங்கள். அவற்றுட் பல மிக மெல்ல வளர்வன. அழிப்பது ஒருநாட் செயல், மீளப் பெறுவதோ ஒரு தலைமுறையிலும் அரிது. அவற்றின் வேரும் சருகும் மழைநீரைத் தடுத்து மண்ணுள் இறக்குதலால், விடுதிக் கிணற்றுக்கும் அவையே துணை.

முகப்புக்குக் கம்பீரம் வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். வேண்டும், ஆனால் அது நிலைக்கவும் வேண்டும். 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலிற் சென்னையைச் சூழ ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மடகாஸ்கர் தீவினின்று வந்த குல்மோகர் போன்றவை அவற்றுள் மிகுதி.

ஆதலின் வாயிலில் வேம்பும் புங்கும் இலுப்பையும் மகிழும் நிழல் தரட்டும். உப்புக்காற்று வீசும் கீழ்ப்புறத்தில் புன்னை, பூவரசு, பனை நிற்கட்டும். பாதை, நிற்கும் மரங்களை வெட்டாது விலகிச் செல்லட்டும். ஒவ்வொரு மரத்திலும் அதன் தமிழ்ப்பெயர் எழுதப்படட்டும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கன்றினை ஏற்று மூன்று கோடை நீர்வார்த்துக் காக்குமாயின் தோட்டச் செலவும் குறையும்.

நிலத்தை அளக்க வருவோரிடம் கோடரியைக் கொடுக்குமுன், அங்குள்ள மரங்களை எண்ணிக் குறித்துவரச் சங்கத்தார் கட்டளையிட வேண்டுமென்று பணிவுடன் கேட்டு அமர்கின்றேன்.