கருப்பட்டி போட்டால் மட்டும் போதுமா?

(சங்கரன்கோவில் வட்டாரக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் பேசியபடியே தருகிறோம்.)



சேமிப்பு, கடன் வரவு எல்லாம் வாசித்து முடித்தாகிவிட்டது. எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, வீட்டிலேயே சத்தான இனிப்புப் பலகாரம் செய்வது. பெயரைக் கேட்டதும் சில பேர் நோட்டை எடுத்துவிட்டீர்கள். செய்முறை சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும்.

நம்ம கூட்டமைப்பில் ஒரு குழு, தீபாவளிக்குக் கருப்பட்டி அதிரசமும் முந்திரிக்கொத்தும் செய்து பாக்கெட் போட்டு விற்கலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. நல்ல முயற்சி. அந்தக் குழுவின் ஊக்குநர் என்னிடம் லேபிளுக்கு எழுதிய வாசகத்தைக் காட்டினார். அதில், "சர்க்கரை நோயாளிகளும் பயமின்றிச் சாப்பிடலாம்" என்று இருந்தது. "ஏன்க்கா இப்படி எழுதுறீங்க?" என்று கேட்டேன். "சீனி போடலையே, கருப்பட்டிதானே! எங்க மாமியார் சுகர் வந்து பத்து வருசமா கருப்பட்டிக் காப்பிதான் குடிக்காங்க" என்றார்.

அவர் ஒருவர் மட்டும் இப்படி நினைக்கவில்லை. நான் போகிற எல்லாக் குழுக்களிலும் கேட்கிற பேச்சு இது. அதனால் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். பனையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் அதில் இருக்கும் இனிப்பு பெரும்பாலும் ஒரே வகைச் சர்க்கரைதான். 100 கிராம் சீனி சாப்பிட்டால் சுமார் 400 கலோரி. கருப்பட்டியோ வெல்லமோ சாப்பிட்டாலும் அதற்குக் கொஞ்சம்தான் குறையும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் கருப்பட்டி வெள்ளைச் சீனியின் தங்கச்சி. நிறம்தான் கறுப்பு.

அப்படியானால் கருப்பட்டியில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். அதனால் கருப்பட்டியில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து சேர்கிறது. சீனியைப் போலச் சுத்திகரித்துக் கழித்துவிடாததால் இரும்பு, பொட்டாசியம் போன்றவையும் கொஞ்சம் தங்குகின்றன. ஆனால், ஒரு நாளைக்கு நாம் சாப்பிடும் ஒரு துண்டில் எவ்வளவு வந்துவிடும்? இரும்புச் சத்துக்காகக் கருப்பட்டியைத் தின்று தீர்க்கலாம் என்று கணக்குப் போட்டால், இரும்பு வருவதற்கு முன்னால் சுகர் வந்துவிடும்.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வில், நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் 11 பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதைவிட அதிகம். இன்னொரு பக்கம், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருக்கிறது. மாமியாருக்குச் சர்க்கரை, மருமகளுக்கும் பேத்திக்கும் ரத்தம் இல்லை. பலகாரம் ஒரே சட்டியில்தான் வேகிறது.

அதனால் அந்த லேபிளில் அந்த வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன்படி மக்களைத் தவறாக நம்பவைக்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். அது ஒருபுறம் இருக்கட்டும். நம்மை நம்பி ஒரு ஆச்சி நாலு அதிரசம் சாப்பிட்டுவிட்டு மாத்திரையையும் விட்டுவிட்டால் யார் பதில் சொல்வது? "கருப்பட்டியில் செய்தது, வனஸ்பதியும் கலர்ப்பொடியும் சேர்க்காதது" என்று உண்மையை எழுதுங்கள். அதற்கே விற்கும்.

சரி, எவ்வளவுதான் சாப்பிடலாம்? உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு அளவு சொல்லியிருக்கிறது. நாமாகச் சேர்க்கும் இனிப்பு, சீனியோ வெல்லமோ தேனோ, எல்லாம் சேர்த்து ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. இது நோய் இல்லாதவர்களுக்கான கணக்கு.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். தறி ஓட்டும் அக்காமார், பீடி சுற்றும் அக்காமார் கையைத் தூக்குங்க. ஒரு நாளைக்கு எத்தனை டீ? (நாலு, அஞ்சு என்ற குரல்கள்.) நாலு என்றே வைப்போம். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் எட்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 40 கிராம். ஒரு பலகாரமும் வாயில் போடாமலேயே 40 கிராம் ஆகிவிட்டது! வருசத்தில் நாலு நாள் வரும் அதிரசத்தைக் குறை சொல்லிக்கொண்டு, தினமும் வரும் டீயை விட்டுவிடுகிறோம். ஒரு ஸ்பூனைக் குறையுங்கள். பத்து நாளில் நாக்கு பழகிவிடும்.

அப்படி மிச்சம் பிடித்த இனிப்பை எங்கே செலவு பண்ணலாம் என்பதுதான் இனிமேல் நான் சொல்லப்போவது. என்னுடைய கருத்து இதுதான். பலகாரத்தில் இனிப்பு குறைவாக, பயறும் எள்ளும் கடலையும் தானியமும் கூடுதலாக இருக்க வேண்டும். இது புதுசாக யாரும் கண்டுபிடித்தது இல்லை. நம்ம பக்கத்துப் பழைய பலகாரங்களே அப்படித்தான். இடையில் நாம்தான் இனிப்பைக் கூட்டிவிட்டோம்.

முதலில் உளுந்தங்களி. வயசுக்கு வந்த பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நம்ம வீடுகளில் கொடுப்பது. நம்ம கரிசல் காட்டில் விளையும் உளுந்தே போதும். தோலோடு இருக்கும் கறுப்பு உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு. தனித்தனியாக வாசம் வரும்வரை வறுத்துத் திரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் மாவுக்கு முக்கால் டம்ளர் தட்டிய கருப்பட்டி போதும். மாவுக்குச் சமமாகவும் அதற்கு மேலும் போடுகிற வழக்கம் இருக்கிறது, தேவையில்லை. மூன்று டம்ளர் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து, கட்டாயம் வடிகட்டி, (எவ்வளவு மண் நிற்கிறது என்று பாருங்க!) கொதிக்கவிட்டு, மாவைக் கட்டி தட்டாமல் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிண்டுங்கள். சுக்கு ஒரு சிட்டிகை. கையில் ஒட்டாமல் வரும்போது நல்லெண்ணெய் விட்டு இறக்குங்கள். நாலு பேர் சாப்பிடலாம். உளுந்தில் 100 கிராமுக்கு சுமார் 23 கிராம் புரதம் இருக்கிறது, இரும்பும் இருக்கிறது.

ஆனால் பயறு, தானியத்தில் உள்ள இரும்பு உடம்பில் முழுசாக ஒட்டாது. சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அதிலும் பாதி போய்விடும். களி சாப்பிட்ட பிள்ளைக்கு ஒரு நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ கொடுங்கள், இரும்பு நன்றாகச் சேரும். டீ ஒரு மணி நேரம் கழித்து. அதோடு, களி கொடுக்கிறோம் என்று பள்ளியில் வாரம் ஒருமுறை தருகிற இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. களி சாப்பாடு, மாத்திரை மருந்து. ரெண்டும் வேணும்.

அடுத்து எள்ளுருண்டை. பாகு காய்ச்ச வேண்டாம், உரல் இருந்தால் போதும். வறுத்த எள் கால் கிலோ, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை கால் கிலோ, கருப்பட்டி 200 கிராம். எள்ளையும் கடலையையும் இடித்தால் எண்ணெய் கசியும். அந்த நேரத்தில் கருப்பட்டியைப் போட்டு இடித்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும். மிக்சி என்றால் விட்டுவிட்டு ஓட்டுங்கள், ஒரேயடியாக ஓட்டினால் சூடேறிக் கூழாகிவிடும். எலுமிச்சம்பழ அளவு வேண்டாம், பெரிய நெல்லிக்காயில் பாதி அளவுக்குப் பிடித்தால் நாற்பத்தைந்து உருண்டை வரும். ஒன்றில் 4 கிராம் போல்தான் இனிப்பு. பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதிலாக இரண்டு கொடுங்கள். அஞ்சு ரூபாய் பாக்கெட்டில் இருப்பது மைதாவும் சீனியும் எண்ணெயும்தானே.

ஓலைக்கொழுக்கட்டையைச் சொல்லாமல் விட முடியாது. திருக்கார்த்திகைக்கு நம்ம தென்மாவட்டங்களில் செய்வது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை, எல்லாம் ஆவிதான். அரிசி மாவில் பாதியைக் குறைத்துக் கம்பு மாவோ கேப்பை மாவோ போடுங்கள். கேப்பையில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் போலச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அதே அளவு பாலில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மாவு அரைக் கிலோ, வேகவைத்த பாசிப்பயறு இரண்டு கை, தேங்காய்ப்பூ, சுக்கு, ஏலம், கால் கிலோ கருப்பட்டி காய்ச்சி வடிகட்டிய தண்ணீர். குருத்தோலையில் வைத்துக் கட்டி வேகவைத்தால் அந்த ஓலை வாசமே பாதி இனிப்பு. முதல்முறை கேப்பை போடும்போது வீட்டு ஆம்பிளைகள் "என்ன இது கறுத்துப்போய்" என்பார்கள். இரண்டாவது கொழுக்கட்டையைக் கேட்டு வாங்குவார்கள்.

அதிரசமும் முந்திரிக்கொத்தும் எண்ணெயில் வேகிறவை. முந்திரிக்கொத்தில் உள்ளே முழுக்கப் பயறு இருப்பதால் அதற்கு என் ஓட்டு. எதுவானாலும் எடுத்த உடனே இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழியுங்கள். புகைந்து கறுத்த எண்ணெயை மறுநாள் வடைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

அல்வாவைப் பற்றிக் கேட்டீர்கள். கேப்பையில் அல்வா, சீனி இல்லாத அல்வா என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. திருநெல்வேலி அல்வா என்றால் சம்பா கோதுமைப் பால், சீனி, நெய்தான். வருசத்துக்கு ஒருமுறை டவுனுக்குப் போனால் நல்ல கடையில் 50 கிராம் வாங்கி இரண்டு பேர் பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கருப்பட்டி என்ற பெயரில் சீனி கலந்து காய்ச்சியது நிறைய வருகிறது. உடைத்துப் பாருங்கள், தட்டிப் பாருங்கள் என்று ஆயிரம் சோதனை சொல்வார்கள். நான் நம்புவது விலையைத்தான். பனையேறி ஒருவர் மரம் மரமாக ஏறி இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுப்பது, வெல்லத்தின் விலைக்குப் பக்கத்தில் வரவே வராது. சல்லிசாகக் கிடைத்தால் அது கருப்பட்டி இல்லை. பதநீர்க் காலமான சித்திரை, வைகாசியில் குழுவாகச் சேர்ந்து, தெரிந்த விளையிலேயே மொத்தமாக வாங்கிவிட்டால் விலையும் குறையும், நம்பிக்கையும் இருக்கும். அவ்வளவு முடியாதவர்கள் வெல்லமே போடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பளிச்சென்று மஞ்சளாக இருப்பதைத் தவிர்த்து, பழுப்பாக இருப்பதை எடுங்கள். அந்த மஞ்சள் நிறம் பெரும்பாலும் மருந்து போட்டு வெளுக்க வைத்தது.

ஆடித்தபசுக் கடைகளில் பிள்ளைகள் கலர் கலராகக் கேட்கும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது ஞாபகம் இருக்கும். துணிக்குப் போடும் ரோடமின் சாயத்தை அதில் கலந்திருந்ததுதான் காரணம். சாயப்பட்டறை தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்ம பலகாரத்துக்கு எந்த நிறமும் சேர்க்க வேண்டாம்.

சுகர் இருக்கும் அக்காமாருக்கு ஒரு வார்த்தை. எள்ளுருண்டை ஒன்று என்றால் ஒன்றுதான். அதுவும் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, டாக்டர் சொன்ன மாத்திரையோடு. பரிசோதிக்காதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடுங்கள். 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர்கள் நம்ம குழுப் பெண்கள்தானே. அப்போது வாசலில் நின்று, "எனக்கு ஒண்ணுமில்ல தாயி" என்று திருப்பி அனுப்பியவர்கள் இங்கேயும் நாலு பேர் சிரிக்கிறீர்கள்.

விற்பனைக்குச் செய்யும் குழு மூன்று வேலை முடிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு, லேபிளில் செய்த தேதியும் எத்தனை நாள் தாங்கும் என்பதும், அப்புறம் ஒரு சின்னத் தராசு. கைப்பிடிக் கணக்கு வீட்டுக்குச் சரி. வியாபாரத்தில் ஒரு பாக்கெட் இனிப்பாகவும் ஒரு பாக்கெட் சப்பென்றும் இருந்தால் அடுத்த வருசம் ஆள் வராது.

அடுத்த மாதக் கூட்டத்தில் களி கிண்டிப் பார்க்கலாம். குழுவுக்கு ஒரு படி கறுப்பு உளுந்து, கல் பொறுக்கி, வறுத்து எடுத்து வாருங்கள். திரிப்பதற்கு மில்லில் சொல்லியாகிவிட்டது. மிளகாய் வத்தல் அரைத்த கையோடு நம்ம உளுந்தைப் போட்டுவிடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.